உடல்நலமும் பொழுதுபோக்கும்: ஒரு பட்டப்படிப்பின் தகுதி

1963-இல் ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட் வைத்த குற்றச்சாட்டிலிருந்துதான் இந்த மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும். கோனன்ட் வேதியியலாளர், 1933 முதல் 1953 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். அமெரிக்காவில் ஆசிரியர்கள் உருவாக்கப்படும் முறையைப் பற்றி நூல் எழுதியபோது, அந்த முறையின் மிக மோசமான முகத்தைக் காட்ட உடற்கல்வி முதுநிலைப் பாடங்களின் விவரக் குறிப்புகளை எடுத்துப் போட்டாலே போதும் என்ற பொருள்பட எழுதினார். அந்த முதுநிலைப் படிப்புகளைப் பல்கலைக்கழகங்கள் கைவிட வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. உடல்நலம், உடற்கல்வி, பொழுதுபோக்கு ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் நடத்திவந்த துறைகள் அன்றிலிருந்து அந்தத் தீர்ப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பதில்கள் நிற்கின்றனவா என்பதுதான் நாம் எடைபோட வேண்டியது.

ஒரு பட்டப்படிப்பை மதிப்பிட இரண்டு கேள்விகள் போதும் என்று கருதுகிறேன். பிற துறைகள் கேட்காத ஒரு கேள்வி அதற்குச் சொந்தமாக உண்டா? அந்தக் கேள்விக்கு விடை காணும் முறையை மாணவருக்குக் கற்பித்து, கற்றாரா என்று கறாராகச் சோதிக்கிறதா? வேலை கிடைக்குமா, சம்பளம் எவ்வளவு என்பவை குடும்பங்களுக்கு மிக முக்கியமானவை. ஆனால் படிப்பின் தரத்துக்கு அவை சாட்சி சொல்ல முடியாது.

கோனன்டின் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. செய்முறைத் திறனை முதுநிலை ஆய்வு என்று கணக்கில் எழுதிய துறைகளுக்காக யாரும் வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் அவர் கையில் இருந்தது ஓர் அறிவியலாளரின் அளவுகோல் மட்டுமே. அந்த அளவுகோலுக்கும் இத்துறை முற்றிலும் அந்நியமானதல்ல. 1861-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பொறுப்பேற்ற எட்வர்ட் ஹிட்ச்காக் ஒரு மருத்துவர். மாணவர்களின் உயரம், எடை, மார்புச் சுற்றளவு ஆகியவற்றைப் பல பத்தாண்டுகள் விடாமல் அளந்து பதிவு செய்தவர். கோனன்ட் பின்னாளில் தலைமை வகித்த அதே ஹார்வர்டில், 1879 முதல் ஹெமன்வே உடற்பயிற்சிக் கூடத்தில் டட்லி சார்ஜென்ட் மாணவர்களை அளந்து, அவரவருக்கு ஏற்ற பயிற்சியை எழுதிக் கொடுத்தார். அளவையிலும் பதிவிலும் பிறந்த துறை இது. நூறாண்டுகளில் அந்த ஒழுங்கு தளர்ந்துபோனது என்று கோனன்ட் சொல்லியிருந்தால் மறுக்க ஒன்றுமில்லை; அடித்தளமே இல்லை என்ற தொனிதான் பிழை.

பதில் அடுத்த ஆண்டே வந்தது. பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிராங்க்ளின் ஹென்றி, உடற்கல்வி ஓர் அறிவுத்துறை என்று நிறுவும் கட்டுரையை இத்துறையினரின் தொழில்முறைச் சங்கமான அமெரிக்க உடல்நல, உடற்கல்வி, பொழுதுபோக்குச் சங்கத்தின் (ஏ.ஏ.எச்.பி.இ.ஆர்.) இதழிலேயே வெளியிட்டார். உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், மானுடவியல் ஆகியவற்றிலிருந்து பகுதிகளை எடுத்துக்கொண்டாலும் இந்தத் துறை அவற்றின் வெறும் கூட்டல் அல்ல என்பது அவர் வாதம். வாதிட அவருக்குத் தகுதி இருந்தது. அசைவு எவ்வளவு சிக்கலானதோ அவ்வளவு தாமதமாக அது தொடங்குகிறது என்பதை 1960-இல் டொனால்ட் ரோஜர்ஸுடன் சேர்ந்து சோதனையில் காட்டியவர் அவர். கட்டுரையின் கட்டமைப்பு சீரானது, மொழி அடக்கமானது, கோரிக்கை நேர்மையானது. இத்துறையில் இத்தனை விளைவை உண்டாக்கிய இன்னொரு கட்டுரையைச் சொல்வது கடினம்.

ஆனால் அதன் விலை பெரிது. அறிவுத்துறை வேறு, தொழில் வேறு என்று ஹென்றி கோடு கிழித்தார். கோடு கிழிப்பதில் தவறில்லை. பல்கலைக்கழகங்கள் கோட்டின் ஒரு பக்கத்துக்கே குடிபெயர்ந்ததுதான் தவறு. 1989-இல் அமெரிக்க உடற்கல்விக் கழகம் இத்துறையின் பெயர் இயக்கவியல், அதாவது கினிசியாலஜி, என்று இருக்கட்டும் எனப் பரிந்துரைத்தது; துறைகள் ஒவ்வொன்றாகப் பலகையை மாற்றின. ஆய்வுக்கூடங்கள் வளர்ந்தன. தசைச் சோர்வு, ஆக்சிஜன் பயன்பாடு, அசைவைக் கற்கும் விதம் பற்றியெல்லாம் மதிப்புமிக்க ஆய்வுகள் வந்தன. எனினும் நம் முதல் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். சுமையின்போது இதயம் எப்படி வேலை செய்கிறது என்பதை உடலியங்கியலாளரும் கேட்பார். வேறுபாடு ஆய்வுப் பொருளில் இருக்கிறது, கேள்வியில் இல்லை.

உடல்நலப் பகுதியின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அது வேறு வீட்டுக்குப் போய்விட்டது. 1946-இல் தொடங்கிய இண்டியானா பல்கலைக்கழகத்தின் உடல்நலம், உடற்கல்வி, பொழுதுபோக்குப் பள்ளி 2012-இல் பொதுச் சுகாதாரப் பள்ளியாக மாறியது. இது வீழ்ச்சியும் அல்ல, துரோகமும் அல்ல. நோய்ப்பரவலைக் கணக்கிடும் முறையியல் பொதுச் சுகாதாரத்தில்தான் முதிர்ந்திருக்கிறது. உடலுழைப்புக்கும் இதயநோய்க்கும் உள்ள உறவைத் தெளிவாக முன்வைத்த 1953-ஆம் ஆண்டின் ஆய்வு, லண்டன் பேருந்துகளில் உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களையும் மாடிப்படி ஏறி இறங்கும் நடத்துநர்களையும் ஒப்பிட்ட ஜெரமி மாரிஸின் ஆய்வு. அவர் நோய்ப்பரவல் ஆய்வாளர், உடற்கல்வியாளர் அல்லர். இத்துறை தன் மார்பில் குத்திக்கொள்ளும் மிகப் பெரிய பதக்கம் வெளியார் வென்றது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அளவீடு என்று வரும்போது இத்துறையின் கை நடுங்கியதையும் சொல்ல வேண்டும். ஹான்ஸ் கிராஸும் ரூத் ஹிர்ஷ்லாண்டும் 1953-இல் இதே சங்கத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வு, குறைந்தபட்சத் தசைத்திறனைப் பார்க்கும் ஆறு எளிய சோதனைகளில் அமெரிக்கச் சிறுவர்களில் பாதிக்குமேல் தேறவில்லை, ஐரோப்பியச் சிறுவர்களில் தேறாதவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்றது. அதிபர் ஐசனோவர் வரை பதற்றம் போனது. 1956-இல் இளையோர் உடல்தகுதிக்கென ஒரு மன்றமே அமைக்கப்பட்டது. அந்த ஆறும் உடற்பகுதியின் வலிமையையும் வளைதலையும் மட்டுமே தொட்டன. ஒரு நாட்டுப் பிள்ளைகளின் ஆரோக்கியத்தைப் பற்றி அவற்றைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. பிறகு சங்கம் தானே வகுத்த ஏ.ஏ.எச்.பி.இ.ஆர். இளையோர் உடல்தகுதித் தேர்வு இன்னொரு பக்கம் சாய்ந்தது. ஏழு சோதனைகளில் ஒன்றாக சாஃப்ட்பால் எறிதலை வைத்தார்கள். அந்தப் பந்தைத் தொட்டுப் பழகிய பிள்ளை தேறும். பழகாத பிள்ளை, எத்தனை திடமான உடம்பாக இருந்தாலும், பின்தங்கும். 1970களில் அதை நீக்கினார்கள். அளவீட்டுப் பாடம் படித்த நம் ஊர் உடற்கல்வி மாணவர் எவருக்கும் இந்தத் தேர்வின் பெயர் தெரியும். அதன் சோதனைகளை வரிசையாக ஒப்பிப்பார்கள். எறிதல் ஏன் நீக்கப்பட்டது என்று கேட்கும் வினாத்தாள்தான் வேண்டும்.

ஆக, உடற்கல்வி ஆய்வுக்கூடத்துக்குப் போனது. உடல்நலம் சுகாதாரத் துறைக்குப் போனது. மிஞ்சியது பொழுதுபோக்கு. 1938-இல் சங்கத்தின் பெயரில், இந்த மூன்றில் கடைசியாகச் சேர்க்கப்பட்ட சொல் அது. மதிப்பிலும் அதற்குக் கடைசி இடமே கிடைத்தது. என் கணிப்பில், இந்தப் பட்டத்துக்குச் சொந்தமான கேள்வி அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தாத நேரத்தில் ஒருவர் ஏன் மைதானத்துக்கு வருகிறார், ஏன் மறுநாளும் வருகிறார்? மருத்துவர் தினமும் நடக்கச் சொல்வார். பொதுச் சுகாதாரம் எத்தனை நிமிடம் என்று சொல்லும். அவரை நடக்கவைப்பது எப்படி, அதைவிடக் கடினமாக, அவர் நடப்பதை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதை இந்தத் துறையைத் தவிர வேறு யாரும் தன் தொழிலாக ஏற்கவில்லை.

அதற்கான முறையும் இத்துறைக்குள்ளேயே பிறந்தது. அதை நெருங்கிப் பார்க்கலாம்.

1891 டிசம்பர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே குளிர், உள்ளே டிரில் செய்து சலித்துப்போன ஒரு வகுப்பு. அங்கே உடற்கல்விக்குப் பொறுப்பாக இருந்த லூதர் குலிக், ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் அந்த வகுப்புக்காக ஒரு விளையாட்டை உருவாக்கப் பதினான்கு நாள் கெடு கொடுக்கிறார். நெய்ஸ்மித் முதலில் கால்பந்தையும் லக்ராஸையும் கூடத்துக்குள் கொண்டுவந்து பார்த்தார், அடிதடியில் முடிந்தது. பிறகு பிரச்சினையைப் பகுத்தார். முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது? பந்தோடு ஓடுபவரைத் தடுத்து வீழ்த்துவதிலிருந்து. ஆகவே பந்தோடு ஓடக் கூடாது. இலக்கு நேர் எதிரே நின்றால் வேகமாக எறியத் தோன்றும். ஆகவே இலக்கைத் தலைக்கு மேலே, வாய் மேல்நோக்கியபடி கிடையாக வைத்தால் பந்தை வளைவாக, மென்மையாகத்தான் போட முடியும். கூடைகளைக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் அடித்தார்கள். அது பத்தடி உயரத்தில் இருந்தது. பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டன. கூடைப்பந்து பிறந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, ஹோல்யோக் நகரின் ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய வில்லியம் மார்கன் அதே முறையை வேறு மனிதர்களுக்காகக் கையாண்டார். அவரிடம் வந்த நடுவயது வணிகர்களுக்குக் கூடைப்பந்து தாங்க முடியாத ஓட்டம். எனவே இரு அணிகளுக்கும் நடுவே வலையைக் கட்டி, மோதலையே இல்லாமல் செய்து, பந்தை மட்டும் பறக்கவிட்டார். இன்று உலகம் முழுக்க ஆடப்படும் கைப்பந்து, மூச்சு வாங்கும் நடுவயதினருக்காக வகுக்கப்பட்ட ஆட்டம்.

இந்த இரண்டையும் இத்துறையின் தலைசிறந்த படைப்புகளாக வைக்கிறேன். எந்த மனிதர்கள், எந்த இடம், எது அவர்களை விலக்குகிறது, எந்த விதியை மாற்றினால் அவர்கள் உள்ளே வருவார்கள் என்று காரண காரியத்தோடு பகுத்தறிந்து, செய்து பார்த்து, திருத்திய முறை அங்கே முழுமையாக இருக்கிறது. இதற்கு வேதியியல் ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஆனாலும் இது அறிவு. கோனன்டுக்குத் தரவேண்டிய பதிலும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஹென்றி அதைத் தரவில்லை.

அந்த முறையின் நேரடி வாரிசு இன்று அமெரிக்காவில் சிகிச்சைசார் பொழுதுபோக்கு என்ற பிரிவில் வாழ்கிறது. மருத்துவமனை, முதியோர் இல்லம், மனநல மையம் ஆகியவற்றில் பணியாற்றுபவர்களுக்கான படிப்பு அது. மதிப்பிடு, திட்டமிடு, நடத்து, மறுமதிப்பிடு என்ற நான்கு படிகளை அது விட்டுக்கொடுப்பதில்லை. பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் ஒருவர் சீட்டாட்டத்தை விரும்பியவர் என்று வைத்துக்கொள்வோம். 'மகிழ்ச்சியாக இருப்பார்' என்று இலக்கு எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். இத்தனை வாரத்துக்குள், பலவீனமான கையால் சீட்டைப் பிடித்து, பிறர் தூண்டாமல் ஓர் ஆட்டத்தை முடிப்பார் என்று எழுத வேண்டும். முடித்தாரா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். 1981 முதல் இதற்கென ஒரு தேசியச் சான்றளிப்பு அமைப்பு இயங்குகிறது. தேர்வும், பதினான்கு வாரம் தொடர்ச்சியாகக் குறைந்தது 560 மணி நேரக் களப்பயிற்சியும் அதன் நிபந்தனைகளாக அமைந்தன. என் இரண்டாவது கேள்விக்கு இந்தப் பிரிவு தயங்காமல் பதில் சொல்கிறது.

பூங்காக்களையும் நகராட்சித் திடல்களையும் நிர்வகிக்கப் பயிற்சி தரும் பொதுப் பொழுதுபோக்குப் பிரிவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அதன் பரம்பரை உயர்ந்தது. 1906-இல் தொடங்கிய அமெரிக்க விளையாட்டுத்திடல் சங்கத்துக்கு குலிக் தலைவர், சமூகப் பணியாளர் ஜேன் ஆடம்ஸ் துணைத் தலைவர்களில் ஒருவர். ஆனால் கோட்பாட்டில் அது பெரும்பாலும் கடன்காரன். சிக்சென்ட்மிஹாயி 1975-இல் முன்வைத்த ஆழ்ந்த ஈடுபாட்டுக் கருத்தை உளவியலிலிருந்து எடுத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறது. நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு மதிப்பீடு முடிந்துவிடுவதும் பழகிப்போன குறை. வராதவர் ஏன் வரவில்லை என்பதல்லவா முதலில் எண்ணப்பட வேண்டியது?

இனி நம் ஊருக்கு வருவோம். கூடைப்பந்து பிறந்த அந்த ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியின் வழி வந்தவர்தான் ஹாரி குரோ பக். 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்று கல்லூரியாக நிற்பது அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. ஆகவே தமிழ்நாட்டு உடற்கல்விப் பட்டத்தை அமெரிக்கப் படிப்போடு ஒரே தராசில் நிறுத்துவதில் வலிந்து செய்த ஒப்பீடு ஏதும் இல்லை. குடும்பம் ஒன்றே.

இங்கே பி.பி.எட். என்ற உடற்கல்வி இளநிலைப் படிப்பின் நிறைகள் கண்கூடு. 2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அதை நான்கு பருவங்கள் கொண்ட இரண்டாண்டுப் படிப்பாக்கியது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர் இயக்கவியல், விளையாட்டு உளவியல், யோகா, நலக்கல்வி என்று பரப்பு அகலமானது. மைதானத்தில் உடம்பு வளைந்தே ஆக வேண்டும். பள்ளிகளுக்குப் போய் வகுப்பெடுத்தே ஆக வேண்டும். வேறு பல பட்டங்களில் செய்முறை காகிதத்தில் மட்டும் நடக்கும் காலத்தில் இந்த உழைப்புக்கு மரியாதை உண்டு.

குறை எங்கே என்று காண, பயிற்சி மாணவர் எழுதும் பொதுப் பாடத்திட்டக் குறிப்பைத் திறந்து பார்த்தால் போதும். அறிமுகப் பகுதி, வளர்ச்சிப் பயிற்சிகள், சிறப்புச் செயல்பாடு, பிறகு பொழுதுபோக்குப் பகுதி, கடைசியில் அணிதிரண்டு கலைதல். பொழுதுபோக்குக்கு இறுதியில் சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது? விசில் அடிக்கிறது. நாற்பது பிள்ளைகள் இரண்டு வரிசையில் நிற்கிறார்கள். இருவர் ஓட, முப்பத்தெட்டுப் பேர் நின்று பார்க்கும் தொடர் ஓட்டம். அல்லது பிடிபட்டவர் வெளியேறும் ஆட்டம். வெளியேறும் ஆட்டத்தில் முதலில் வெளியேறுவது மெதுவாக ஓடும் பிள்ளை. யாருக்கு அசைவு மிகவும் தேவையோ அந்தப் பிள்ளையை முதல் நிமிடத்திலேயே உட்காரவைத்துவிடுகிறோம். இத்தகைய ஆட்டங்களைப் பட்டியலிட்டு அமெரிக்காவில் நீல் வில்லியம்ஸ் 1992-இல் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. நம்மிடம் அந்த விவாதத்துக்கான பொருள் அவரிடம் இருந்ததைவிட வளமாகவே இருக்கிறது.

சடுகுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். கபடியின் பழைய வடிவங்கள் மூன்று என்று நம் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். சஞ்சீவனியில், எதிரணியில் ஒருவர் அவுட்டானால் இங்கே வெளியே போனவர் உயிர்பெற்று உள்ளே வருவார். காமினியில், வெளியே போனவர் அணி முழுவதும் அவுட்டாகும்வரை வெளியேதான். அமரில் யாரும் வெளியேறுவதே இல்லை. புள்ளி மட்டும் எண்ணப்படும். இவை வரலாற்றுக் குறிப்புகளாகப் படிக்கப்படுகின்றன. உண்மையில் இவை ஒரே கேள்விக்கான மூன்று விடைகள்: தோற்றவரை என்ன செய்வது? பத்து வயதுப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு எந்த வடிவம் ஏற்றது, பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு எது ஏற்றது என்று ஒரு மாணவர் வாதிட்டு எழுதினால், அவர் நெய்ஸ்மித்தின் முறையைக் கற்றுவிட்டார் என்று பொருள். நம் தேர்வோ அவரிடம் மூன்று பெயர்களைக் கேட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறது. கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் என்று ரெக்கார்டு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறார். வளையம் ஏன் தலைக்கு மேலே இருக்கிறது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

பள்ளிகளின் நிலையையும் மறைத்துவிட்டு இந்தப் பட்டத்தை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வது நாம் எல்லோரும் அறிந்த வழக்கம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் நலக்கல்விக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் என்றுதான் வரையறுத்தது. பகுதிநேர மதிப்பு தரப்பட்ட பாடத்துக்கு முழுநேரக் கூர்மையை எதிர்பார்ப்பது கடினம். ஆயினும் பள்ளி மாறும்வரை பாடத்திட்டம் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வினாத்தாளும் செய்முறைத் தேர்வும் பல்கலைக்கழகங்களின் கையில் இருக்கின்றன.

என் தீர்ப்பு இது. உடல்நலத்தையும் பொழுதுபோக்கையும் சேர்த்துப் படிக்கும் பட்டம் தனிப் பட்டமாக நிற்கத் தகுதியுடையது. கோனன்டின் தண்டனை மிகை. ஆனால் அந்தத் தகுதி அதன் உடலியங்கியல் தாள்களால் வருவதல்ல, நோய்த்தடுப்புப் புள்ளிவிவரங்களால் வருவதும் அல்ல. குறிப்பிட்ட மனிதர்களுக்கு, குறிப்பிட்ட இடத்தில், அவர்கள் விரும்பித் திரும்பிவரும் ஒரு செயல்பாட்டை வகுக்கும் திறனால் மட்டுமே வருவது. அமெரிக்காவில் சிகிச்சைசார் பிரிவு அந்தத் திறனைச் சோதிக்கிறது. நம்முடைய பி.பி.எட். அதைக் கற்பிக்கும் வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே சோதிக்காமல் விடுகிறது.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த திருத்தத்தின்போது நூறு மதிப்பெண்ணுக்கு ஒரு செய்முறைத் தேர்வைச் சேருங்கள். பயிற்சி மாணவரிடம் ஒரு பள்ளி, நாற்பது பிள்ளைகள், ஒரு பந்து, ஒரு பருவம் கொடுங்கள். எவரும் நின்று வேடிக்கை பார்க்காத ஓர் ஆட்டத்தை அவர் வகுக்கட்டும். ஏன் அந்த விதிகள் என்று எழுதட்டும். பருவம் முடிந்தபின், மாலையில் மணி அடித்த பிறகு எத்தனை பிள்ளைகள் தாமாக மைதானத்தில் தங்கி அதை ஆடுகிறார்கள் என்று தேர்வாளர் போய் எண்ணிப் பார்க்கட்டும்.